ஐந்தாவது குருவி

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் பெண்ணின் படிப்பும் குணமும் பின்னால்தான் வரும். முதலில் வருவது, ‘எத்தனை பவுன் போடுவாங்க?’ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சர்ச் வாசலில் நிற்கும்போதே இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அப்புறம் எத்தனை சென்ட் நிலம், என்ன வண்டி, பையன் வெளிநாட்டில் எவ்வளவு வாங்குகிறான். பிறரை இப்படியே எடைபோட்டுப் பழகியவர்கள் ஒருநாள் தங்களையும் அதே தராசில் ஏற்றிக்கொள்கிறார்கள். இல்லாதவன் கூனிப்போகிறான். இருப்பவனுக்கோ, இருப்பது எப்போது போய்விடுமோ என்று தூக்கம் வருவதில்லை.

இது நம் காலத்து நோய் அல்ல. யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கண்டிப்பதே இதைத்தான். பொன்மோதிரம் போட்டு மினுக்கான உடையோடு வந்தவனுக்கு நல்ல இடம், கந்தை கட்டிய ஏழைக்குக் காலடியில் இடம் என்று சபை நடந்துகொண்டால் அது பாவம் என்றே எழுதினார். சபை பிறந்த முதல் நூற்றாண்டிலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

இயேசு இந்தத் தராசையே ஒதுக்கிவைத்தார். அவர் குருவியைப் பற்றிப் பேசியது இரண்டு சுவிசேஷங்களில் வருகிறது. மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. அந்தக் காசு ஒரு கூலியாளின் நாள் சம்பளத்தில் பதினாறில் ஒரு பங்கு. வேறு இறைச்சி வாங்க வழியில்லாத ஏழைகள் வாங்கித் தின்ற பறவை அது. கணக்குப்படி இரண்டு காசுக்கு நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது குருவி சந்தைக்காரன் சேர்த்துப் போட்ட கொசுறு. அதற்கு விலையே இல்லை. அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னார். விலை வேறு, மதிப்பு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் முன்னோர் இதைக் கேட்டபோது அவர்களிடம் ஏதும் இருக்கவில்லை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே எங்கள் பக்கத்து மயிலாடிக்கு வந்தார். தமக்கு வந்த சம்பளத்தைப் பிறருக்கே செலவழித்தவர், இந்த நாட்டை விட்டுப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு நல்ல கோட்டும் இல்லாமல் போனார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பேசியது யாரிடம்? தலைவரியும் முலைவரியும் கட்டி, ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் உழைத்து, மேல்சாதிக்காரர் வந்தால் விலகி நின்ற மக்களிடம். பெண்கள் மார்பை மறைக்கவும் அன்றைய திருவிதாங்கூர் வழக்கம் இடம் கொடுக்கவில்லை. கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவள் நீ என்று கேட்ட பெண் குப்பாயம் என்ற மேற்சட்டை போட்டாள். தெருவில் அதைக் கிழித்தார்கள். 1822இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் விட்டுவிட்டு நடந்து, 1858, 59இல் ஜெபவீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. 1859 ஜூலையில், மார்பை மறைத்து உடுத்தலாம் என்று மகாராஜா பிரகடனம் வெளியிட்டார்.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது நடந்த வரிசை. உடுத்த உரிமை வந்த பிறகு அவர்களுக்கு மதிப்பு வரவில்லை. மதிப்பு தங்களுக்கு உண்டு என்று நம்பிய பிறகுதான் உரிமைக்காக நின்றார்கள். ஆகவே ‘பொருள் முக்கியமல்ல’ என்று பசித்தவனிடம் சொல்லி அவனை அடக்கி வைப்பது விசுவாசம் ஆகாது. தன் மதிப்பை அறிந்தவன் நியாயமான கூலியைக் கேட்பான். கூலி குறைந்துவிட்டதால் தானும் குறைந்துபோனதாக நினைக்க மாட்டான்.

என் அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், உடைப்பு வேலை பார்த்தவள். கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்ட இடம் வெந்துபோகும். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனியும் நகக்கண்ணும் கருத்து, தோல் உரியும். எந்த சோப்புக்கும் அந்தக் கறை போகாது. கல்யாண வீட்டில் அம்மா கையைச் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். திருவிருந்து அன்று மட்டும் மறைக்க மாட்டாள். பீடத்தின் முன்னால் முழங்கால்படியிட்டு, வலது உள்ளங்கையை இடது கையின்மேல் வைத்து நீட்டுவாள். பக்கத்தில் தங்க வளையல் குலுங்கும் கை ஒன்று நீண்டிருக்கும். போதகரான ஐயர் இரண்டு கையிலும் ஒரே அப்பத்தைத்தான் வைப்பார், ஒரே வார்த்தையைத்தான் சொல்வார், ஒரே பாத்திரத்தைத்தான் கொடுப்பார். ‘வெறுங்கையத்தான் மக்களே அவரு கேக்காரு’ என்பாள் அம்மா. இறையியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் கிருபையை அவள் அந்தக் கையால் புரிந்துவைத்திருந்தாள்.

இன்று சில மேடைகளில் கேட்கும் சாட்சிகள் எனக்கு வேதனை தருகின்றன. கர்த்தர் கார் தந்தார், மாடி வீடு தந்தார் என்று நன்றி சொல்வதில் தவறில்லை. காரும் வீடும்தான் அவர் நேசிப்பதற்கு அடையாளம் என்று ஆகிவிட்டால், கீழே உட்கார்ந்திருக்கும் வாடகை வீட்டுக்காரி என்ன நினைப்பாள்? அவளைக் கடவுள் மறந்துவிட்டாரா? யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, அவர் நேசகுமாரன் என்று வானத்திலிருந்து சத்தம் வந்தது. அதுவரை அவர் ஓர் அற்புதமும் செய்திருக்கவில்லை, ஒரு பிரசங்கமும் பண்ணியிருக்கவில்லை. நாசரேத்தில் தச்சு வேலை செய்தவர். சாதனைக்கு முன்னாலேயே வந்த அன்பு அது. சாதனையால் வராத அன்பு தோல்வியால் போவதும் இல்லை.

நம் சபைகளிலும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது நடப்பது இதுதான். நடக்கவோ பேசவோ தெரியாத, ஒரு ரூபாய் சம்பாதிக்காத பிள்ளையைப் பெயர் சொல்லிக் கடவுளின் பிள்ளை என்று ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து பரீட்சையில் தோற்கும். வேலை போகும், கடன் ஏறும். அப்போது அது முதலில் நிறுத்துவது சர்ச்சுக்கு வருவதைத்தான். நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். அப்படி வராமல் போனவரின் வீட்டுக்குப் போங்கள். வேலை கிடைத்ததா என்று முதலில் கேட்காதீர்கள். அவர் இல்லாமல் அந்த இடம் காலியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். கடவுள் அவரை மறக்கவில்லை என்பதை, மறக்காத மனிதர்கள் போய் நின்றால்தான் அவரால் நம்ப முடியும்.