ஆர்ப்பாக்கத்து மன்றாட்டு

உத்திரமேரூர் என்றதும் குடவோலை முறையே நம் நினைவுக்கு வருகிறது. 919, 921 ஆகிய ஆண்டுகளில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளை வெளியூர் நண்பர்களுக்கு நாம் பெருமிதத்தோடு காட்டுகிறோம். ஆயின், உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்திற்கும் இடையே உள்ள ஆர்ப்பாக்கத்தில் மற்றொரு கல்வெட்டு உண்டு. முன்னது ஓர் ஊரின் தன்னம்பிக்கையைச் சொல்கிறது. பின்னது ஒரு வீரனின் அச்சத்தைச் சொல்கிறது. அந்த அச்சமே நம்மை நெடுநாளாகச் சிந்திக்க வைக்கிறது.

எதிரிலிசோழச் சம்புவராயன் என்பது அவ்வீரனின் பெயர். இங்கிலாந்தின் நைட் குடும்பங்கள் மன்னனிடம் நிலம் பெற்று அவனுக்காக வாளேந்தியதைப் போன்று, செங்கேணிச் சம்புவராயர் குடியினரும் சோழருக்குப் படைத்துணையாக நின்று தொண்டை நாட்டில் உயர்ந்தனர்.

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியரிடையே அரியணைப் போட்டி மூண்டது. இலங்கை மன்னன் பராக்கிரமபாகு ஒரு பக்கத்திற்குப் படை அனுப்பினான். சோழர் மறுபக்கத்திற்குத் துணை நின்றனர். இலங்கைப் படை முன்னேறுவதைக் கேட்ட சம்புவராயன் கலங்கினான். கௌட நாட்டிலிருந்து வந்த உமாபதி தேவர் என்னும் ஞானசிவ தேவரை அணுகி, பகை அகல வேண்டுமாறு கேட்டான். அவர் 28 நாள் வழிபாடு நடத்தினார். பின்னர் இலங்கைத் தளபதிகள் தோற்றோடிய செய்தி வந்தது. மகிழ்ந்த சம்புவராயன் ஆர்ப்பாக்கம் ஊரையே அவருக்குக் கொடையாக்கினான். இரண்டாம் இராசாதிராசனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இதனைக் கூறுகிறது.

போர்க்குடியிற் பிறந்தவனும் வாளை மட்டும் நம்பவில்லை என்பது நம்மை நெகிழ வைக்கிறது. இங்கிலாந்து நைட்டுகளும் தம் ஆன்மாக்களுக்காக நாள்தோறும் திருப்பலி நிகழக் குருக்களுக்கு நிலம் எழுதி வைத்தனர். 1547-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வறக்கட்டளைகளைக் கலைத்தது. சம்புவராயர் குடியும் நிலைக்கவில்லை. படைவீட்டிலிருந்து தனியாட்சி செய்த அவர்களை 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமார கம்பணன் வென்றான்.

எனினும் ஒரு கேள்வி நம்மை விடுவதில்லை. இங்கே எவருடைய தோல்விக்காக மன்றாடப்பட்டதோ, அதே தளபதி இலங்காபுரனை இலங்கையின் சூளவம்சம் வெற்றி வீரனாகப் போற்றுகிறது. அவனுக்காகவும் அங்கே ஒரு தாய் விளக்கேற்றியிருப்பாள் அல்லவா?

இது பழங்கதை அன்று. மடு அன்னையின் திருத்தலத்தில் தமிழரும் சிங்களரும் ஒருங்கே முழந்தாளிட்டவர்கள். 1999 நவம்பரில் அங்கு அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் விழுந்தன. 2009-இல் போர் முடியும்வரை, ஒரே அன்னையிடம் இரு மொழிகளில் எத்தனை மன்றாட்டுகள் எழுந்திருக்கும்! தேர்வு, வழக்கு, வயல் வரப்புத் தகராறு என்று நாமும் நேர்ச்சை வைக்கிறோம். நம் வெற்றி பிறர் இல்லத்தில் கண்ணீராகுமோ என்று எண்ணிப் பார்க்கிறோமா?

அஞ்சியவன் இறைவனை நாடியதில் பிழையில்லை. ஆனால் பகைவர்க்காகவும் மன்றாடச் சொன்னவரைப் பின்பற்றும் நாம் அவ்விடத்தில் நின்றுவிடலாகாது. இன்றிரவு செபமாலை முடிந்தபின், நமக்கு எதிராக நிற்பவரின் பெயரையும் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். அது கடினமே, ஆயினும் அங்கிருந்துதான் நம் மன்றாட்டு தொடங்க வேண்டும்.