அரைக்கால் நிற்கும் இடம்

கணக்கு என்பது கடைக்காரருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே உரியது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். மார்க்கக் கல்வி பயில்வோருக்கும் அது இன்றியமையாதது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். வாரிசுரிமைக் கலையாகிய ஃபராயிளை ஓதத் தொடங்கும் மாணவன் நிஸ்ஃபு, ருபுஉ, ஸுமுன் என்றே தொடங்குகிறான். இவையே நம் தமிழில் அரை, கால், அரைக்கால்.

இன்றைய பள்ளிகளில் இவற்றைப் புள்ளி வைத்து 0.5, 0.25, 0.125 என்று எழுதுகின்றனர். “0.25, 0.125 இவ்விரண்டில் எது பெரிது?” என்று நம் மாணவர்களை நாம் வினவுவதுண்டு. “125தான் ஹஜ்ரத்!” என்று சிலரேனும் விடை பகர்வர். புள்ளியைப் பாராது இலக்கங்களின் கூட்டத்தைப் பார்ப்பதால் நேரும் மயக்கம் இது. இறந்தவருக்குப் பிள்ளைகள் இல்லையெனில் மனைவிக்குக் கால் பங்கு. இருப்பின் அரைக்கால் பங்கு. இம்மாணவர் கணக்கிலோ அது தலைகீழாகிவிடும்.

இதற்கு நாம் கையாளும் மருந்து ஒரு கோடுதான். கரும்பலகையில் ஒரு முழ நீளத்திற்குக் கோடிழுத்து, இடக்கோடியில் 0, வலக்கோடியில் 1 எனக் குறிப்போம். அதனைப் பத்துச் சம கூறாக்கினால் 0.125 என்பது 0.1க்கும் 0.2க்கும் இடையே வரும். அச்சிறு கூறினையும் பத்தாக்கினால் 0.12க்கும் 0.13க்கும் இடையே வரும். அவ்விரண்டின் சரி நடுவே அதன் இருப்பிடம். 0.25ஓ 0.2ஐயும் கடந்து வலப்புறம் நிற்கும். வலப்புறம் நிற்பதே பெரியது என்பதைக் கண் கண்டுவிட்டால் மனம் மறவாது.

இம்முறை முழுவதும் மேனாட்டார் தந்தது என்று கருத வேண்டா. கி.பி. 952-53இல் டமாஸ்கஸில் அபுல் ஹஸன் அல்-உக்லீதிஸி இயற்றிய இந்தியக் கணக்கு நூலில், 19ஐ ஐந்து முறை பாதியாக்கி, நாம் இன்று 0.59375 என எழுதும் விடையைக் காண்கிறார். ஒன்றின் இடத்தை அறிவிக்க அதன் மேல் சிறு குறியிடுகிறார். சமர்கந்தில் ஜம்ஷீத் அல்-காஷி ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ நூலை நிறைவு செய்து தசமப் பின்னங்களை விளக்கியது 1427இல். ஐரோப்பாவில் இதனைப் பரப்பிய சைமன் ஸ்டெவினின் நூல் வெளிவந்ததோ 1585இல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தார் பாகப்பிரிவினை வரைவொன்றை நம்மிடம் கொணர்ந்தனர். ஓர் ஏக்கர் நிலம்; கடனோ வஸிய்யத்தோ இல்லை. விதவைத் தாயின் பங்கு 0.12 என்றிருந்தது. “மூன்றாம் இலக்கம்தானே ஹஜ்ரத், அதை விட்டால் என்ன?” என்றார் மூத்த மகன். அதே கோட்டை வரைந்து காட்டினோம். ஒரு முழக் கோட்டில் அவ்விடைவெளி ஏறக்குறைய ஒரு நெல்லின் பருமனே. நிலத்திலோ அது அரை சென்ட்; 217.8 சதுர அடி. ஒரு மூதாட்டி அடுப்பு மூட்டவும், படுத்துறங்கவும், தொழுகைப் பாய் விரிக்கவும் அவ்விடம் போதும். அவர் மறுமொழி கூறாது 5ஐச் சேர்த்து எழுதினார்.

ஆறில் ஒன்று போன்ற பங்குகள் 0.1666... என முடிவின்றி நீள்வன. எத்தனை முறை பத்தாகக் கூறிட்டாலும் எக்குறியிலும் அது சென்று பொருந்தாது. எனினும் கோட்டில் அதற்கென ஓரிடம் உண்டு. இத்தகைய இடங்களில் ஃபராயிள் வல்லுநர் சொத்தினை 24 கூறாக்கி, பிள்ளைகளை விட்டு இறந்தவரின் மனைவிக்கு 3, தாய்க்கு 4 எனக் குறைவின்றிப் பிரிப்பர். பின்னத்தையும் புள்ளியையும் ஒருங்கே நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக. நாளை பங்குப் பத்திரத்தை எழுதப் போகும் கைகள் அவர்களுடையவை அன்றோ?