நேராக ஓடுவது அவ்வளவு சுலபமா? பாதாம் தோப்புக்கு நடுவே ஒரு ரேஸ் பாதை!

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து வடக்கே கிளம்பினால் முதலில் மலை ஏற வேண்டும். டெஜான் கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கியதும், சான் வாக்கீன் பள்ளத்தாக்கு பாய் விரித்தாற்போல் தட்டையாகத் தெரிகிறது. பேக்கர்ஸ்ஃபீல்டு ஊரைக் கடந்து, 99-ம் எண் நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஃபமோசோ. சுற்றிலும் பாதாம் தோப்புகள். உலகத்துக்குக் கிடைக்கும் பாதாமில் ஏறக்குறைய 80 சதவிகிதம் கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. பிப்ரவரியில் பூக்கத் தொடங்கும் மரங்கள், மார்ச்சில் இதழ்களை உதிர்க்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தோப்புகளின் அமைதியைக் கிழித்துக்கொண்டு எழுகிறது இன்ஜின்களின் உறுமல்!

போர் விமானம் போனது, கார் வந்தது

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளின் பயிற்சிக்காகப் போடப்பட்ட ஓடுதளம் இது. போர் முடிந்த பிறகு, 1950-களில், அங்கே கார்கள் ஓடத் தொடங்கின. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் சீறிக் கிளம்பும். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இதுதான் டிராக் ரேஸ். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது.

1959-ல் ‘ஸ்மோக்கர்ஸ்’ என்ற உள்ளூர் கார் சங்கம் இங்கே ஒரு பெரிய போட்டியை நடத்தியது. ஃபுளோரிடாவிலிருந்து டான் கார்லிட்ஸ் வந்து கலந்துகொண்டார். கோப்பையைத் தட்டிச் சென்றவர் கலிஃபோர்னியாக்காரரான ஆர்ட் கிரிஸ்மன். அன்று தொடங்கிய ‘மார்ச் மீட்’ இன்றைக்கும் பிரபலம். தென் கலிஃபோர்னியாவில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த லயன்ஸ் டிராக் பாதை 1972-லும், ஆரஞ்சு கவுன்டி பாதை 1983-லும் மூடப்பட்டுவிட்டன. அந்தக் காலத்துக் கார்களை அந்தக் காலத்து மாதிரியே ஓட விட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஃபமோசோவுக்கு வருகிறார்கள்.

மூக்கைத் தூக்கிய கார்கள்

இங்கே புதிதாக வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது, முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ‘கேஸர்’ வகைக் கார்கள். 1955-ம் வருஷத்து ஷெவர்லே, அதற்கும் முந்தைய வில்லிஸ் என்று எல்லாம் தாத்தா காலத்து வண்டிகள். அழகுக்காகத் தூக்கி வைத்ததில்லை. அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

மாட்டு வண்டியில் பின்னால் பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும் அல்லவா? கார் வேகமாகக் கிளம்பும்போதும் பாரம் பின்னால் சாய்கிறது. 1955 ஷெவர்லேயின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 292 சென்டிமீட்டர். கார் 1,500 கிலோ எடை என்றும், அதன் எடை மையம் தரையிலிருந்து 58 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மேலிருந்து விழும் கல்லுக்கு வேகம் கூடுகிற அதே விகிதத்தில் கார் சீறினால், ஏறக்குறைய 300 கிலோ பாரம் முன் சக்கரங்களை விட்டுப் பின் சக்கரங்களுக்கு இடம் மாறிவிடும். தள்ளுவது பின் சக்கரங்கள்தான். அவற்றின் மேல் பாரம் ஏற ஏற, டயர் வழுக்காமல் தரையைக் கவ்வும்.

1960-களின் டயர்களுக்கு இன்றைய பிடிப்பு கிடையாது. அதனால் காரையே உயர்த்திப் பாரத்தைப் பின்னால் தள்ளப் பார்த்தார்கள். காயில் ஸ்பிரிங்கோடு இருந்த முன்பக்க அமைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரியில் இருப்பது போன்ற ஒற்றை ஆக்ஸிலையும் பட்டை ஸ்பிரிங்கையும் மாட்டினார்கள். ஃபோர்டு எக்கனோலைன் வேனின் ஆக்ஸிலுக்கு அப்போது ஏக கிராக்கி! இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி போடுகிற அளவுக்கு இந்த மோகம் வளர்ந்தது.

தள்ளாத சக்கரம், காப்பாற்றும் சக்கரம்

எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுவார்கள். ஆனால், பழைய காரை ரேஸுக்குத் தயார் செய்யும் மெக்கானிக் அதிக நேரம் குனிந்து கிடப்பது முன் சக்கரங்களுக்குப் பக்கத்தில்தான். காரணம், உயிர்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 55 மீட்டர் பாய்கிறது. அந்த வேகத்தில் காரின் முகம் ஒரே ஒரு டிகிரி விலகினால் போதும், அடுத்த நொடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இன்னொரு கார்.

சாதாரணச் சாலைக்காகச் செய்யப்பட்ட பழைய காரில் இந்த ஒரு டிகிரி எங்கிருந்து வருகிறது? முன் சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு வட்டப் பாதையில் ஏறி இறங்குகிறது. சக்கரத்தைத் திருப்பும் டை ராடு வேறொரு வட்டப் பாதையில் போகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், முன்பக்கம் மேலே எழும்பும்போது ஸ்டீயரிங்கைத் தொடாமலேயே சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். ‘பம்ப் ஸ்டியர்’ என்று இதற்குப் பெயர். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் போகும் காரில் இது தெரியவே தெரியாது. மூக்கைத் தூக்கிக்கொண்டு பாயும் காரில் நன்றாகவே தெரியும்.

கண்டுபிடிக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு உயரத்திலும் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறார்கள். பிறகு டை ராடின் முனையில் சின்னச் சின்ன வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோ அதன் உயரத்தை மாற்றுகிறார்கள். ஒரு வளையம் மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டும். இந்த வேலைக்கு வேண்டியது பொறுமைதான்.

அடுத்தது ‘கேஸ்டர்’. சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வுதான் ஹேண்டில்பாரை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக உதவுகிற காரணங்களில் ஒன்று. பழைய அமெரிக்கக் கார்களில், ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்ப வசதியாக, இந்தச் சாய்வு பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. ரேஸ்காரர்கள் மேல் கையின் அடியில் ‘ஷிம்’ எனப்படும் மெல்லிய தகடுகளை மாற்றி, முடிந்தவரை கூட்டுகிறார்கள். ஸ்டீயரிங் கனக்கும். ஆனால், சக்கரம் தானாகவே நேர்த் திசைக்குத் திரும்பி வரப் பார்க்கும்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பர். இதற்கென்றே ‘தொண்ணூறுக்குப் பத்து’ என்ற வகை உண்டு. மேலே எழும்பச் சுலபமாக விட்டுவிடும், கீழே இறங்கும்போது இறுக்கிப் பிடித்து மெதுவாக இறக்கும். மூக்கு அளவுக்கு மீறி எழும்பாமலிருக்க, சிலர் பட்டை கட்டி நிறுத்துகிறார்கள்.

ஆபத்து முடிவில்தான்

பார்வையாளர்கள் கை தட்டுவது கார் சக்கரத்தைத் தூக்கும் தொடக்கத்தில். ஓட்டுநர்கள் பயப்படுவதோ எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை மிதித்ததும், தூக்கியிருந்த மூக்கு தடாலென்று கீழே இறங்குகிறது. பாரம் எல்லாம் முன் சக்கரங்களுக்கு ஓடி வருகிறது. பம்ப் ஸ்டியர் இப்போது எதிர்த் திசையில் வேலை செய்யும். கேஸ்டரும் கொஞ்சம் குறையும். உச்ச வேகத்தில், பாதி களைப்பில், ஓட்டுநர் சந்திக்கும் சோதனை இது. பட்டறையில் ஒவ்வொரு அங்குலமாக அளந்ததன் பலன் இந்த இரண்டு மூன்று நொடிகளில் தெரிந்துவிடும்.

இன்னொரு வேடிக்கை! ரேஸின் கடிகாரமும் முன் சக்கரத்தை நம்பித்தான் இருக்கிறது. தொடக்கக் கோட்டில் ஒரு ஒளிக்கற்றை தரையை ஒட்டிப் பாய்கிறது. முன் டயர் அதை விட்டு விலகிய கணத்தில் நேரம் ஓடத் தொடங்கும். பின் சக்கரம் எவ்வளவு புகை கிளப்பினாலும் கணக்கில் வருவது முன் சக்கரம்தான்.

ஃபமோசோவுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. பந்தயம் தொடங்குவதற்கு முன், கார்கள் நிறுத்தியிருக்கும் இடத்தில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். காதுக்குப் பஞ்சு அவசியம், குழந்தைகள் கூட வந்தால் கட்டாயம். வெயிலுக்குத் தொப்பியும் வேண்டும். பளபளக்கும் பானெட்டுகளை எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் குனிந்து முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். டை ராடின் நுனியில் இரண்டு மூன்று சின்ன வளையங்கள் தெரியும். சில ரூபாய்கூடப் பெறாத அந்த வளையங்களை நம்பித்தான் அந்தக் கார் 402 மீட்டரும் நேராக ஓடுகிறது.