பூஜ்யத்தின் விலை

12-4-2023, புதன்

காலையில் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டர்ப் பெட்டியைத் திறந்து, எண்ணைப் பார்த்து, வெள்ளை அட்டையின் கட்டங்களைத் தமது வழக்கமான சாய்ந்த கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். 512 யூனிட், 2,046 ரூபாய். போன தடவை 496 யூனிட்டுக்கு 1,701 ரூபாய் கட்டியதை மறவாத என் சம்சாரம், “பதினாறு யூனிட்டுக்கு முந்நூற்று நாற்பத்தைந்து ரூபாயாங்க?” என்று கேட்டாள். அப்படியானால் யூனிட் இருபத்தொரு ரூபாய்க்கும் மேலே விழுகிறது. கட்டணப் பட்டியலில் எந்தப் படியிலும் இல்லாத அந்த விலை எங்கிருந்து வந்தது என்ற யோசனையிலேயே பகல் முழுதும் கழிந்தது.

13-4-2023, வியாழன்

கணக்கில் பிழை இல்லை. பிழை என் அறியாமையில்தான். 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புகள் எல்லாவற்றுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி, இரண்டு மாத உபயோகம் 500-க்குள் அடங்கினால் அடுத்த நூறுக்கு யூனிட் 2.25 ரூபாய், அதற்கு மேல் இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய். 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலோ, மிகுந்த அந்த ஒரு யூனிட் 8 ரூபாயாவதோடு நில்லாமல், இரண்டாம் நூறுக்கு நாம் ஏற்கெனவே அனுபவித்த சலுகையும் பறிபோய், அதுவும் 4.50 விகிதத்தில் எழுதப்படுகிறது. வரப்பைத் தாண்டிய மாட்டுக்குத் தாண்டிய இடத்துக்கு மட்டுமின்றி, அதற்கு முன் மேய்ந்த புல்லுக்கும் சேர்த்துத் தண்டம் விதிப்பதைப் போன்ற இந்த ஏற்பாட்டினால், எல்லையைக் கடப்பதற்கே 225 ரூபாய் ஆகிவிடுகிறது.

14-4-2023, வெள்ளி. சோபகிருது வருஷப் பிறப்பு

மாங்காய்ப் பச்சடியோடு சாப்பாடு முடிந்தபின் பழைய அட்டைகளையும் ரசீதுகளையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பு வாங்கிய காலத்தில் கட்டிய வைப்புத்தொகையும், உபயோகம் பெருகிய பிற்பாடு ‘கூடுதல் வைப்பு’ என்று வாங்கிய தொகையும் அவற்றில் இருந்தன. வைப்பு என்றதும் அதைப் போன பணமாகவே நினைத்துவிடுகிறோம். 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு அதற்கு வட்டி தர வேண்டும் என்று விதித்திருப்பதையும், அந்த வட்டி பில்லில் கழித்துக்கொள்ளப்படுவதையும் கவனிப்பவர் சிலரே. அந்த வைப்பின் அளவோ நம் சராசரி உபயோகத்தை அனுசரித்து நிர்ணயமாகிறது; ஆகையால் இன்று அஜாக்கிரதையாக எரிக்கும் விளக்குக்கு இன்றைய பில்லில் ஒரு தரமும், பின்னால் வரப்போகும் வைப்புத்தொகையில் இன்னொரு தரமும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

16-4-2023, ஞாயிறு

இரவு பத்து மணிக்குப் பிரிட்ஜ், மோட்டார், விசிறி, டெலிவிஷன் யாவற்றையும் நிறுத்திவிட்டு, கைக்கடிகாரமும் டார்ச்சுமாக மீட்டர் முன் போய் நின்றேன். எங்கள் மீட்டரின் முகத்தில் 3200 என்று பொறித்திருக்கிறது. அதாவது, அந்தச் சிவப்புப் புள்ளி 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். வீடே இருண்டு கிடக்கையில் அது மினுக்கக் கூடாது. ஆனால் மினுக்கிற்று. எழுபத்தைந்து விநாடி கழித்து மறுபடியும் மினுக்கிற்று. திருடன் கொல்லையில் நடமாடுவதைக் காதால் கேட்டவனைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற நான், அதே கால இடைவெளியில் மூன்றாம் முறையும் அது மினுக்கியதைக் கண்டேன். எழுபத்தைந்து விநாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 48. கணக்குப் போட்டுப் பார்த்தால் 15 வாட்ஸ்.

அறை அறையாகத் தேடிக்கொண்டு வந்தவன், பூஜை மாடத்தில் அம்மாவின் படத்துக்கு மேலே, அவள் காலமான நாளிலிருந்து இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பின் முன் வந்து நின்றேன்.

17-4-2023, திங்கள்

எலெக்ட்ரீஷியனைக் கேட்டேன். “பேருதான் ஐயா ஜீரோ, அது தின்றது பதினைஞ்சு” என்று சிரித்தார். பழைய சக்கர மீட்டர்கள் அவ்வளவு சிறிய பளுவைச் சரிவரக் கணக்கில் ஏற்றாததால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்லுவார்கள். ஓயாமல் எரிந்தால் அறுபது நாளில் 21.6 யூனிட். அது இல்லாவிட்டால் இந்த முறை 490-ல் நின்றிருக்கும். பில் 1,665 ரூபாய். ஆக, பூஜ்யம் என்று பெயர் பூண்ட அந்த விளக்கு ஒரே பில்லில் 381 ரூபாயை விழுங்கிவிட்டது.

“அத்தை படத்து விளக்கை அணைக்கப் போறீங்களா?” என்று சம்சாரம் கேட்டாள். கேள்வியாக வந்தாலும் அது தடை உத்தரவுதான். அணைக்கவில்லை, அரை வாட்ஸ் எல்.இ.டி. பல்பு ஒன்று வாங்கி மாட்டினேன். இனி இரண்டு மாதத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது. அம்மா இருந்திருந்தால், தன் பேரால் இத்தனை காலம் வீணாயிற்றே என்று என்னைத்தான் வைதிருப்பாள்.

12-6-2023, திங்கள்

அக்கினி நட்சத்திரமும் முடிந்து, கோடை விடுமுறைக்கு வந்திருந்த பெண்ணும் பேரக் குழந்தைகளும் ஊர் திரும்பியாகிவிட்டது. இன்று ரீடிங்: 571 யூனிட், 2,518 ரூபாய், வைப்புத்தொகையின் வட்டி அதில் கழிகிறது. “இத்தனை வித்தை பண்ணியும் ஏறித்தானே இருக்கு!” என்று சம்சாரம் சிரித்தாள்.

ஏறித்தான் இருக்கிறது. ஆனால் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் குழந்தைகள் உறங்குவதற்காக இரவெல்லாம் ஏர்கூலர் ஓடியதை நான் அறிந்தே செலவழித்தேன். அந்த 381 ரூபாயை அறியாமல் இழந்தேன். பென்சிலை எடுத்து, அட்டையின் ஓரத்தில் 571-க்கு எதிரே ‘குழந்தைகள்’ என்றும், 512-க்கு எதிரே ‘ஜீரோ’ என்றும் எழுதி, அட்டையை மறுபடி ஆணியில் மாட்டினேன்.