ஏழு நாள்... ஏழு ஊரா?

செமஸ்டர் லீவுல நார்த் இந்தியா டூர் பிளான் போடுற ஆளா பாஸ் நீங்க? ஒரு நிமிஷம்!

நாங்க நாலு பேர் ஏழு நாளுக்கு ஏழு ஊர் எழுதினோம். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், அமிர்தசரஸ், சிம்லா, ஹரித்துவார், காசி. சென்னையிலிருந்து டெல்லிக்கே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஏறக்குறைய 33 மணி நேரம்னு தெரிஞ்சதும் கப்சிப். போக, வர மூணு நாள் ரயிலுக்கே காலி! மிச்சம் நாலே நாள்.

சிம்லா, அமிர்தசரஸ், ஹரித்துவார் எல்லாம் ஈஸியா போச்சு. அடுத்து காசியையும் அடிக்கச் சொன்னாங்க. நான் விடலை. கங்கைத் தண்ணி கொண்டு வர்றேன்னு பாட்டிகிட்ட வாக்கு குடுத்தாச்சே! ரெண்டு நாள் சண்டை. கடைசியில ஜெய்ப்பூர் அவுட். (ஜெய்ப்பூர் கோஷ்டி இன்னும் என்கூட டீ குடிக்கறதில்லை.)

திரும்பறதுக்கு மறுபடி டெல்லிக்குப் போகாதீங்க. காசியிலிருந்தே சென்னைக்கு கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் இருக்கு. ஆனா, தினமும் கிடையாது. அதனால திரும்பற தேதியை முதல்ல குறிச்சுட்டு, அங்கிருந்து பின்னோக்கி பிளான் போடுங்க. செங்கோட்டைக்குத் திங்கள் லீவு, தாஜ்மஹாலுக்கு வெள்ளி லீவு. எங்க முதல் லிஸ்ட்ல ஆக்ரா விழுந்தது சரியா வெள்ளிக்கிழமை!

ராத்திரி ரயில்ல ஊர் மாறினா லாட்ஜ் வாடகை மிச்சம். நாங்க போறது டிசம்பர். பனிமூட்டத்துல வடக்கே ரயிலெல்லாம் மணிக்கணக்கா லேட்டாகும். அதான் காசியில ஒரு நாளை சும்மா விட்டு வெச்சிருக்கோம்.

ரிசர்வேஷன் 60 நாளுக்கு முன்னாடி, காலை 8 மணிக்கு ஓப்பன். எங்களுக்கு அது வர்ற புதன். பாட்டி இப்பவே சொம்பைத் தேய்ச்சு வெச்சுட்டாங்க!