கொடி தாங்கும் அகத்தி

வாடிப்பட்டி வட்டாரத்தில் சோழவந்தான் வெற்றிலையை அறியாதார் இல்லை. நிக்காஹ் மஜ்லிஸில் தாம்பாளம் நிறைவது அவ்விலையால்தான். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதனைச் சுமந்து நிற்கும் அகத்தியை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அகத்தி ஆயிரம் காய்த்தாலும் புறத்தி புறத்தியே என்று பழமொழி வேறு கட்டிவிட்டார்கள். கொடிக்கால் நிழலில் வளர்ந்த எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கொடிக்காலில் முதலில் ஊன்றப்படுவது வெற்றிலை அன்று; அகத்தி விதைதான். பாத்தி கட்டி, இடையே வாய்க்கால் வெட்டி, வரிசையாக விதைப்பர். அவரை, துவரை இனத்து மரமாதலால், அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருகின்றன. கன்று ஓரளவு உயர்ந்தபின் அடியில் கொடியை நட்டு, அது ஏற ஏற வாழைநாரால் தண்டோடு அணைத்துக் கட்டுவர். இறுக்கினால் கொடி நெரியும், தளர்ந்தால் சரியும்.

எல்லாவற்றினும் நுட்பமானது தழை கழிப்பதுதான். வெயில் மிகுந்தால் இலை கருகும்; நிழல் மிகுந்தால் ஈரம் தங்கி அழுகல் நோய் வரும். மரம் 13 அடி அளவில் உயர்ந்ததும் நுனியை ஒடித்துவிடுவர். எங்கள் அத்தா மரத்தை அண்ணாந்து பார்க்கமாட்டார். தரையில் விழும் வெயிற்புள்ளிகளைப் பார்த்தே எந்தக் கிளையைக் கழிப்பதென்று சொல்வார். கழித்த தழை ஆட்டுக்குப் போகும். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் அதற்கு வரும் கிராக்கியைக் கேட்கவே வேண்டாம். இடைவிடாது கழிப்பதால் கொடிக்கால் அகத்தியில் பூவைக் காண்பது அரிது. வரப்போரம் தப்பி வளர்ந்த மரத்தில்தான் பிறைபோல் வளைந்த அம்மலர் தொங்கும்.

14ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா வெற்றிலையைத் 'தன்பூல்' என்று எழுதுகிறார். திராட்சையைப்போல் நட்டு, பந்தலிலோ தென்னையிலோ படரவிடுவர் என்பது அவர் தரும் செய்தி. நம் அகத்தி அவர் கண்ணில் படாமற் போயிற்றே என்று மாணவர்களிடம் நான் குறைப்படுவதுண்டு.

அகத்தியின் வேர் ஆழம் போகாது, தண்டும் மென்மையானது. பலத்த காற்றில் ஒரு வரிசை சாய்ந்தால் கொடியும் போயிற்று. சில ஆண்டுகளில் மரம் தளர்ந்துவிடும். மீண்டும் ஊன்ற வேண்டும். அத்தா மவுத்தானபின் எங்கள் 60 சென்ட் நிலத்தில் அந்தத் தவணை இவ்வாண்டு வந்தது. தென்னை வைத்துவிடலாம் என்றார் தம்பி. இத்தனை ஆள் வேண்டாம், இத்தனை தண்ணீரும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. அக்கணக்கில் பொய்யில்லை, வரவு செலவு பார்ப்பவர் அவரே. நானோ மதரஸாவில் பாடம் சொல்லிவிட்டு வெள்ளிதோறும் தோட்டம் எட்டிப் பார்ப்பவன். ஆயினும், வெயிற்புள்ளி பார்க்கும் கண் நம் வீட்டில் அத்தோடு முடிந்துவிடுமே என்றேன். நெடுநேரம் பேசி, 20 சென்ட்டில் மட்டும் அகத்தி என்று முடிவாயிற்று.

விதை ஊன்றி மூன்று வாரமாகிறது, முளைப்பு நன்று. தழை கழிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் தம்பி மகனைப் பழக்க இசைந்திருக்கிறார். ஞாயிறுதோறும் வருவதாகப் பையனும் சொல்லியிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.