ஆறு ஓட்டங்கள்

கடந்த மாதம் ஓர் இரவு பதினொரு மணியளவில் தொலைபேசி ஒலித்தது. பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவனுக்கு அந்நேரத்து மணியோசை நல்ல செய்தியைக் கொண்டுவந்ததில்லை. பதறி எடுத்தால், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து தங்கையின் மகன்.

“மாமா, அப்பாவுக்கு எத்தனை புள்ளி போடலாம்?”

தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுடைய தந்தை, என் மைத்துனர், காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இறந்த மனிதருக்கு என்ன புள்ளி? பிறகுதான் விளக்கினான். அவன் ஆடும் கணினிக் கிரிக்கெட்டில் நமக்கு வேண்டிய வீரரை நாமே படைத்துக்கொள்ளலாமாம். முகம், உயரம், எந்தக் கைத் துடுப்பாட்டக்காரர் என்பதையெல்லாம் தேர்ந்தெடுத்த பின், வேகப்பந்துக்கு எவ்வளவு, சுழற்பந்துக்கு எவ்வளவு, பொறுமைக்கு எவ்வளவு என்று திறனுக்கு எண்கள் இடவேண்டும். 2014-இல் வந்த ‘டான் பிராட்மன் கிரிக்கெட்’ தொடக்கம் இந்த வசதி உண்டென்றான். தந்தையை அதில் இறக்கிவிட அவன் முடிவு செய்திருந்தான்.

“பேப்பரிலயே வந்திருக்கே மாமா, சதம் அடிச்சவரெண்டு. சதம் அடிச்ச ஆளுக்குக் குறைச்சுப் போடேலாதுதானே?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று கூறி வைத்துவிட்டேன். அன்றிரவு நான் உறங்கவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்லுமுன் வேறு சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது, வாசகர்கள் பொறுத்தருள்க.

இவ்வாட்டங்கள் எனக்கு முற்றிலும் புதியவை அல்ல. 2007, 2008 காலப்பகுதியில் மட்டக்களப்பு நகரத்து இணையக் கடையொன்றுக்குச் செய்தி அனுப்பப் போவேன். பக்கத்துக் கணினிகளில் பையன்கள் இ.ஏ. ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ ஆடிக்கொண்டிருப்பார்கள். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா தவிர்ந்த அணிகளின் உண்மைப் பெயர்களைப் பயன்படுத்த அந்த நிறுவனத்துக்கு உரிமம் இல்லை. ஆகவே நம் வீரர்களின் பெயர்கள் எழுத்து மாறி, உருக்குலைந்து திரையில் வரும். பையன்கள் முதல் வேலையாக அப்பெயர்களைத் திருத்துவார்கள். ஊரில் பெயரைச் சொல்லவே மனிதர் தயங்கிய நாட்களில் அவர்கள் அவ்வளவு கவனமாகப் பெயர் திருத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

எண்களின் சங்கதிக்கு வருவோம். சனத் ஜயசூரிய 1996 ஏப்ரலில் சிங்கப்பூரில் பாகிஸ்தானுக்கெதிராக 48 பந்துகளில் சதமடித்தபோது, இனி இதை முறியடிக்க ஆளில்லை என்று நானே எழுதினேன். ஆறு மாதமே தாங்கியது. அவ்வாண்டு ஒக்டோபரில் நைரோபியில் ஷஹீட் அஃப்ரிடி 37 பந்துகளில், அதுவும் நம்மவர்களுக்கெதிராகவே, அடித்து முடித்தார். அது பதினேழு ஆண்டுகள் நின்றது. 2014 புத்தாண்டு நாளில் கோரி அண்டர்சன் 36. அடுத்த ஆண்டு ஜனவரியில் டி வில்லியர்ஸ் 31. இவற்றை ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அச்சிடுகிறோம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் துடுப்பு தடித்துவிட்டது. எல்லைக்கோடு உள்ளே நகர்ந்துவிட்டது. ஒரு பந்துக்குப் பதிலாக முனைக்கொரு புதுப்பந்து வந்துவிட்டது. பட்டியலுக்கு இவை தெரியாது.

பிராட்மனின் 99.94 மட்டும் எந்தக் காலத்துக்கும் அசையாமல் நிற்கிறது. 1948 ஓகஸ்டில் ஓவல் மைதானத்துக் கடைசி இனிங்ஸில் நான்கே நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி நூறு. ஹோலிஸின் இரண்டாவது பந்தில் பூச்சியத்துக்குப் போனார். அந்த இங்கிலாந்துப் பயணத்துக்குக் கப்பலில் போகும் வழியில், மார்ச் மாதம், கொழும்பு ஓவலில் இலங்கை அணியுடன் ஒருநாள் ஆடிவிட்டுப் போனார்கள். ஆடுகளம் ஏதோ சரியில்லை என்று பிராட்மனுக்குப் பட, அளந்து பார்த்தபோது 22 யாருக்குப் பதில் 20 யார்தான் இருந்ததாம். நம் நாட்டு விருந்தோம்பலில் இரண்டு யார் குறைந்துவிட்டது!

அன்று இலங்கை அணிக்குத் தலைவர் மகாதேவன் சதாசிவம். 1947-இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர். பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும்கூடத் தலைமை தாங்கினார். (அவர் மீதான கொலைவழக்கும் விடுதலையும் தனிக் கதை, இங்கு வேண்டாம்.) அவர் ஆடியதைப் பார்த்த முதியோர் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குரலே மாறிவிடும். ஆனால் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்து முதலாவது ஆட்டம் நடந்தது 1982 பெப்ரவரியில், அதே கொழும்பு ஓவலில். சதாசிவம் 1977-இலேயே போய்விட்டார். டெஸ்ட் ஏடுகளில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. முரளிதரனுக்கோ 133 டெஸ்டுகள், 800 விக்கெட்டுகள். 2010 ஜூலையில் காலியில் கடைசி விக்கெட்டாக ஓஜாவை வீழ்த்தி எண்ணை முழுமையாக்கிவிட்டே விடைபெற்றார். ஒருவருக்குக் காலம் வாய்த்தது, மற்றவருக்கு வாய்க்கவில்லை. திறனுக்கு எண் போடச் சொன்னால் சதாசிவத்துக்கு எதைப் போடுவது?

அமெரிக்கர்கள் தங்கள் பேஸ்போலில் இதே சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அமெரிக்க இயேசு சபைக் குருமார் கூடைப்பந்தைக் கற்பித்தார்கள். பேஸ்போல் ஏனோ இங்கு வேர்பிடிக்கவில்லை. அங்கே கறுப்பினத்தவர் பெரிய அணிகளில் சேர்க்கப்படாத காலத்தில் தமக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடினர். அவர்களுள் ஜோஷ் கிப்சன் என்பவர் 1947 ஜனவரியில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ரொபின்சன் அந்தத் தடையைத் தாண்டினார். 2020-இல்தான் 1920 தொடக்கம் 1948 வரையான கறுப்பின லீக்குகளுக்குப் பெரிய லீக்குகளின் தகுதி வழங்கப்பட்டது. 2024 மே மாதம் அந்த எண்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் கலந்தபோது, கிப்சனின் .372, டை கொப்பின் .367-ஐக் கடந்து முதலிடத்துக்கு வந்தது. 2023-இல் ‘எம்.எல்.பி. த ஷோ’ என்ற கணினி ஆட்டத்திலும் அந்த லீக்குகளின் வீரர்கள் இறங்கிவிட்டார்கள்.

இதை வாசித்தபோது ஒரு விவரம் என்னைக் குத்தியது. அந்த எண்கள் எங்கிருந்து கிடைத்தன? பெருமளவும் பழைய நாளிதழ்களிலிருந்து. ஏதோவொரு சிற்றூரில் ஆட்டம் முடிந்த கையோடு குறிப்பெழுதி அனுப்பிய நிருபர்களை நம்பி, ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்காக ஆட்டம் ஆட்டமாகத் தொகுத்திருக்கிறார்கள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நிருபரின் சொல்லே சாட்சி.

நானும் அப்படியொரு நிருபன்.

1994. வாவியின் இக்கரை இராணுவத்திடமும் படுவான்கரை புலிகளிடமும் இருந்த காலம். இன்று வெபர் சுவாமியின் பெயரைத் தாங்கி நிற்கும் மைதானத்தில் ஒரு கழக ஆட்டம். மைத்துனர் அப்போது எனக்கு மைத்துனர் அல்லர், நண்பர். இடதுகைக்காரர், மெலிந்த உடம்பு. கவர் திசையில் அவர் தட்டிய பந்தைத் துரத்த யாரும் முயன்றதில்லை. அன்று 94 வரை வந்துவிட்டார். பிற்பகல் மூன்றரை மணியிருக்கும், அக்கரைப் பக்கம் பெரிய வெடியோசை. தொடர்ந்து ஷெல். கடைகள் சாத்தப்பட்டன. சனம் ஓட, நடுவர்களும் ஓட, நாங்களும் ஓடினோம். விக்கெட் கம்புகளை எடுக்க மறுநாள் போனபோது அவை அங்கில்லை.

ஆட்டமிழக்காமல் 94. ஓட்டப் புத்தகத்தில் அதுவே இருந்தது. நான் கொழும்புக்கு அனுப்பிய செய்தியில் “ஆட்டமிழக்காமல் சதம் பெற்றார்” என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? அந்த ஆறு ஓட்டங்களை அவரிடமிருந்து யாரோ பறித்துவிட்டார்கள் என்று தோன்றியது; திருப்பிக் கொடுக்க என்னிடம் பேனா இருந்தது. இருபத்தைந்து வயதுக்கு இந்த நியாயம் போதுமானதாக இருந்தது. ஆசிரியபீடத்தில் யாரும் கேட்கவில்லை. நான்கு வரிச் செய்தி அப்படியே வந்தது. பின்னாளில் தங்கையின் கலியாணப் பேச்சில் அந்தச் சதத்தையும் எங்கள் அம்மாவிடம் யாரோ ஒரு தகுதியாகச் சொன்னார்கள் என்பது வேறு. ஓட்டப் புத்தகம் குறிப்பாளரின் நாவலடி வீட்டில் இருந்தது. 2004 டிசம்பர் 26-இல் வீடும் போயிற்று, புத்தகமும் போயிற்று. நான் எழுதிய நான்கு வரி மட்டும் லமினேற் செய்யப்பட்டு ஸ்காபரோ வீட்டின் சுவரில் தொங்குகிறது. அதன் பிறகு எத்தனையோ செய்திகளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சரிபார்த்து எழுதியிருக்கிறேன். அதைத் திருத்த மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள் நானே அழைத்துச் சொன்னேன்.

வெகுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, “அப்பாவுக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியும் மருமகன். பேப்பரைப் பாத்திட்டு ஒரு கிழமை என்னோட கதைக்கல்ல.”

“அப்ப ஏன் சுவரில மாட்டி வெச்சவர்?”

எனக்குத் தெரியவில்லை. அவரிடம் நான் கேட்டதுமில்லை. முப்பது ஆண்டுகளில் அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை.

நான்கைந்து நாட்கள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. திரையில் இடதுகைக்காரர் ஒருவர் பந்துக்காகக் குனிந்து நிற்கிறார். மூக்கு சற்றுத் தடித்துவிட்டது. தோள்களின் சரிவு அவரேதான். கீழே எழுதியிருந்தான்: “முதல் மெட்ச்சில பதினொண்டுக்கு அவுட். விளையாடினது நான், பிழை என்ட.” எத்தனை புள்ளி போட்டான் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு திருத்தம் மட்டும் அனுப்பினேன். படத்தில் அவர் இரண்டு காலிலும் கால்காப்பு கட்டியிருந்தார். அன்று எங்கள் கழகத்திடம் இருந்தது ஒரே சோடி. களத்தில் நின்ற இருவரும் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். அவருக்கு வலது கால்.

ஒற்றைக் காலில் மட்டும் கட்டிவிட அந்த ஆட்டத்தில் வழியில்லையாம். தேடிப் பார்க்கிறேன் மாமா என்றிருக்கிறான்.